உணரி சொன்ன பொய்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பழுதடைந்ததைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "அதில் எழுத என்ன இருக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். பழுது சிறியதுதான். மாற்றிய உறுப்பின் விலை சில நூறு ரூபாய். அதைப் பொருத்த ஆன நேரம் அரை மணி. ஆனால் அந்தப் பழுது இன்னதென்று அறிய எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாதங்களும் இவ்வீட்டில் ஒருவர் மீது ஒரு குற்றம் சுமத்தப்பட்டிருந்தது. சுமத்தியவன் நான்.

நாங்கள் தூத்துக்குடியில் வசிப்பவர்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதற்குத் தடை உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். தடை தொடங்குவதற்கு முந்திய நாட்களில் சீலா மீன் வாங்கி, துண்டம் போட்டு, பொட்டலங்களாகக் கட்டி, ஃப்ரீசர் என்று நாம் சொல்லும் மேலறையில் அடுக்கிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். 2023-ஆம் ஆண்டிலும் அப்படியே செய்தோம். மீன் கெட்டால் நட்டம் பணத்தோடு போகும். ஆனால் கீழறையின் நடுத்தட்டில், ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், என் அக்காவின் இன்சுலின் குப்பிகள் இருந்தன.

அக்காவுக்கு அப்போது 74 வயது. கணவரை இழந்தபின் எங்களோடுதான் இருக்கிறார். நான் சிறுவனாக இருந்தபோதே எங்கள் தாய் இறந்துவிட்டதால் என்னைக் குளிப்பாட்டியதும், பள்ளிக்கு அனுப்பியதும், கணக்கில் தோற்றபோது அடித்ததும் அவரே. திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கவேண்டும். உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது. திறந்து பயன்படுத்தும் குப்பி சில வாரங்கள் வெளியில் தாங்கும் என்பார்கள். ஆனால் எங்கள் ஊரின் மே மாத அறை வெப்பம் அந்தச் சலுகைக்குள் அடங்குவதில்லை.

ஏப்ரல் 22 அன்று காலையில் பால் திரிந்திருந்தது. கீழறைக்குள் கையை விட்டால் குளிரே இல்லை. மேலறையில் மீன் மட்டும் கல்லாகவே இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சொல்லப்போனால் ஓயாமல் ஓடியது. பெட்டியை நிறுத்தி, பொருட்களை அண்டை வீட்டில் கொடுத்துவைத்து, கதவை ஒரு நாள் முழுதும் திறந்துபோட்டேன். அடியில் நிறையத் தண்ணீர் வந்தது. மறுநாள் போட்டதும் பெட்டி புதிதுபோல் குளிர்ந்தது. சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினோம்.

மே 4 அன்று மறுபடியும் அதே நிலை. இம்முறையும் ஒரு நாள் நிறுத்தி ஐஸைக் கரைத்துவிட்டு, பெட்டியை விற்ற நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்பினேன். இளைஞர் ஒருவர் வந்தார். வாயு குறைந்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மல்டிமீட்டரை எடுத்து ஒன்றிரண்டு கம்பிகளை அளந்தார். எல்லாம் ஏறத்தாழச் சரியாக இருக்கிறது என்றார். பிறகு, "சார், கதவை அடிக்கடி திறந்தா, இல்ல சரியா மூடாம விட்டா, ஈரக்காத்து உள்ள போயி ஐஸ் பிடிக்கும். வீட்ல யாராவது ராத்திரியில திறக்கிறாங்களா?" என்று கேட்டார்.

அக்கா இரவில் எழுந்து குளிர்ந்த தண்ணீர் குடிப்பவர். சர்க்கரை நோயாளிக்கு நா வறளும். விளக்கைப் போடாமலே, பெட்டியின் வெளிச்சத்திலேயே குடித்துவிட்டு வருவார்.

"இவங்கதான் திறப்பாங்க" என்றேன். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் விரலை நீட்டவில்லை. ஆனால் அந்த இளைஞர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் நல்லா அழுத்தித்தான் மூடுறேன் தம்பி" என்றார் அக்கா. பிறகு இன்னொன்றும் சொன்னார்: "அது நிக்கிறதுக்கு மொத நாள் ராத்திரி உள்ளே கரகரன்னு என்னமோ உரசுது. அப்புறம் சத்தமே இல்லாமப் போயிருது." நான் அதைக் காதில் வாங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் பேச்சை மாற்றுகிறார் என்றே எனக்குத் தோன்றியது.

மே 15 அன்று மூன்றாம் முறையாகப் பெட்டி சூடானபோது நான் பொறுமை இழந்தேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத நாணுகிறேன். வயதானால் நினைவு தப்பும் என்ற பொருளில் ஒரு சொல் அதில் இருந்தது. அக்கா பதில் பேசவில்லை. மறுநாள் மாலை அவர் அறையில் புதிதாக ஒரு மண்பானை, மணல் பரப்பிய தட்டின்மேல் அமர்ந்திருந்தது. குடிதண்ணீருக்கு ஒன்று, அருகே சிறிய கலயம் ஒன்று. கலயத்துத் தண்ணீரில், பாலிதீன் உறைக்குள் இறுக்கிக் கட்டிய இன்சுலின் குப்பிகள். மின்சாரம் இல்லாத ஊர்களில் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ மருத்துவர் சொல்லக் கேட்டிருந்தாராம். அன்றிலிருந்து அவர் குளிர்சாதனப் பெட்டியைத் தொடவில்லை.

மே 27 அன்று பெட்டி நான்காம் முறையும் சூடானது. அக்கா தொடாத பெட்டி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'நாம் தூங்கியபின் திறந்திருப்பார்' என்று மனம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒருவரைக் குற்றவாளி என்று முடிவுசெய்துவிட்டால், அவருக்குச் சாதகமான சான்றுகூட அவருக்கு எதிராகவே திரும்பிவிடுகிறது.

29-ஆம் தேதி அக்கா மதுரையில் உள்ள மகள் வீட்டுக்குப் போனார். ஜூன் 8 அன்று பெட்டி ஐந்தாம் முறையாக நின்றது.

அன்று இரவு என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். உயர்நிலைப் பள்ளியில் 33 ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் நான். எதையும் தேதியிட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. எழுதியதைப் படித்துப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. ஏப்ரல் 22, மே 4, மே 15, மே 27, ஜூன் 8. இடைவெளி பன்னிரண்டு நாள், பதினொரு நாள், பன்னிரண்டு நாள், பன்னிரண்டு நாள். மறதியுள்ள ஒரு மூதாட்டி கதவைத் திறந்துபோடுவதால் வரும் கோளாறு இப்படிக் கணக்காகவா வரும்? கடைசிப் பன்னிரண்டு நாட்களில் பெரும்பகுதி குற்றவாளி ஊரிலேயே இல்லை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். மறுநாள் அவரை அழைத்துவந்தேன். ஐஸைக் கரைக்கவேண்டாம், இருக்கிற நிலையிலேயே பார்க்கவேண்டும் என்றார். முந்திய முறைகளில் நான் செய்த தவறு அதுதான்: தடயத்தை அழித்துவிட்டு வழக்கை விசாரித்திருக்கிறேன்.

முதலில் கதவின் ரப்பரைச் சோதித்தார். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்தார். நான்கு பக்கமும் தாள் இறுக்கமாகவே வந்தது. "கதவு வழியா காத்து போயிருந்தா, கதவோரத்துலயும் மீன் பொட்டலத்து மேலயும் பனி பூத்திருக்கணும் சார். இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார். பிறகு மேலறையின் பின்பலகையைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இருந்த காட்சியை நான் எதிர்பார்க்கவில்லை. குளிர்க்குழாயும் அதன் அலுமினியத் தகடுகளும் கண்ணுக்கே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வெண்பாறை. மேலே காற்றாடியின் ஓர் இதழ் பனியில் பதிந்து நின்றுவிட்டிருந்தது. அது பதியும் முன்னர் ஓரிரவு பனியில் உரசிக்கொண்டு சுழன்றிருக்கும். அந்தச் சத்தம்தான் அக்கா கேட்டது. காற்றாடி நின்றதும் கீழறைக்குக் குளிர்காற்று போகாது. ஆகவே அது சூடாகும். மேலறை பனிப்பாறையை ஒட்டியிருப்பதால் சில நாள் தாங்கும். வாயு குறைந்திருந்தால் குழாயின் ஒரு பகுதியில் மட்டும் பனி பிடிக்கும் என்றும், இப்படி முழுவதும் ஒரே சீராகப் பிடித்திருந்தால் குளிரூட்டும் வேலை நன்றாக நடக்கிறது, பனியைக் கரைக்கும் வேலைதான் நடக்கவில்லை என்று பொருள் என்றும் விளக்கினார்.

இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம்மில் மூத்தவர்கள் பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளை நினைவில் வைத்திருப்பார்கள். மேலே சிறு பனியறை. திருகியின் நடுவில் ஒரு பொத்தான். பனி தடித்ததும் அதை அழுத்தினால் பெட்டி தானே நின்று, கரைந்து, மறுபடி ஓடும். பொறுமையற்றவர்கள் கத்தியால் சுரண்டி அலுமினியத்தில் ஓட்டை போட்டு வாயுவைப் போக்கடித்த கதை தெருவுக்கு ஒன்று உண்டு. பிறகு வந்த பெட்டிகளில் அந்தப் பொத்தானின் வேலையை இயந்திரமே செய்கிறது. நாம் கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரம் குளிர்க்குழாயின்மேல் பனியாகப் படியும். அது இயல்பு, யார் வீட்டிலும் படியும். மோட்டார் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் மின்பலகை அதை நிறுத்திவிட்டு, குழாயின் அடியில் உள்ள ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். பனி உருகி, பின்புறத் துளை வழியாக வடிந்து, மோட்டாருக்கு மேலுள்ள தட்டில் சேர்ந்து ஆவியாகிவிடும். பெட்டி பல ஆண்டுகள் ஓடினாலும் இது நடப்பதை நாம் அறிவதேயில்லை.

ஹீட்டரை எப்போது நிறுத்துவது என்பதே கேள்வி. பனி இருக்கும்வரை அதைச் சுற்றி வெப்பம் 0 டிகிரியைத் தாண்டாது. எல்லாம் உருகிய பிறகுதான் ஏறத் தொடங்கும். ஆகவே குழாயில் செருகப்பட்ட ஓர் உணரி, அதாவது சென்சார், 'இங்கே 10 டிகிரி ஆகிவிட்டது' என்பதுபோல் ஒரு செய்தியைச் சொன்னால், பனி தீர்ந்தது என்று மின்பலகை நம்பி ஹீட்டரை நிறுத்தும். அந்த உணரி சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக் குமிழ். அதற்குள் தெர்மிஸ்டர் எனப்படும் மணி ஒன்று. குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். உலோகக் கம்பிகளின் குணத்துக்கு இது நேர்மாறு. 1833-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் இந்தத் தலைகீழ்க் குணத்தைக் கண்டு பதிவுசெய்தார். இதை நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். அது என் சமையலறையில் இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

மாணவர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஹீட்டரை அளந்தார், நன்றாக இருந்தது. அதோடு தொடராக உள்ள ஃபியூஸும் நன்றாக இருந்தது. பிறகு மின்பலகையில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, பனி கரைக்கும் வேலையைக் கட்டாயமாகத் தொடங்கிவைத்தார். நாங்கள் இருவரும் பனிப்பாறைக்கு முன் நாற்காலி போட்டு அமர்ந்தோம். ஹீட்டர் சூடானது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. எட்டாவது நிமிடத்தில் 'டக்' என்றொரு சத்தம். ஹீட்டர் நின்றுவிட்டது. பாறை அப்படியே நின்றது.

"நிறுத்தச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டார் மாணவர்.

உணரியைக் கழற்றி மேசைமேல் வைத்து அளந்தோம். இந்த வகை உணரிக்கு 25 டிகிரியில் 10 கிலோ ஓம், அன்றைய எங்கள் அறை வெப்பமாகிய 30 டிகிரியில் ஏறத்தாழ 8 கிலோ ஓம் காட்டவேண்டும் என்று அவர் கைப்பேசியில் இருந்த அட்டவணை சொன்னது. மீட்டர் 7 காட்டியது. முதலில் வந்த இளைஞர் 'ஏறத்தாழச் சரி' என்றது இதைத்தான். அவரையும் குறைசொல்ல முடியாது. இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு யாருக்கும் பெரிதாகத் தோன்றாது.

"புதுசு ஒண்ணு வரவழைக்கலாம். ஆனா இதுதான்னு உறுதி இல்ல சார்" என்றார் அவர். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குவளையின் வெப்பநிலை 0 டிகிரி. வெப்பமானியைச் சரிபார்க்க உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் செய்வது. கண்முன்னே பனிக்கும் குறைவில்லை. ஓர் எவர்சில்வர் டம்ளரில் அதே பாறையிலிருந்து சில துண்டுகளை இட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, உணரியை அமிழ்த்தினோம். எண் ஏறியது. 9, 12, 15, 18. ஏறுவது மெதுவானது. 20-இல் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் காத்திருந்தோம், நகரவில்லை. அட்டவணைப்படி அது 32-க்கும் மேலே போகவேண்டும். 20 கிலோ ஓம் என்பது 10 டிகிரிக்கு உரிய எண்.

ஆக, பனிக்குள் அமிழ்ந்திருந்துகொண்டே அது 'பத்து டிகிரி, பனி தீர்ந்தது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. மின்பலகை நம்பியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பனி மிஞ்சியது. மிஞ்சியது பன்னிரண்டு நாளில் பாறையானது.

குமிழின் வாயில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தது. அதன் வழியே ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஈரம் மின்சாரத்துக்கு ஒரு குறுக்கு வழி. அறை வெப்பத்தில் நேர்வழியே எளிதாக இருப்பதால் குறுக்கு வழியில் அதிகம் போகாது. அளவு சற்றேதான் பிசகும். குளிரில் நேர்வழி கடினமாகும்போதுதான் மின்சாரம் குறுக்கு வழியில் ஒதுங்கும். அங்கேதான் பொய் பெரிதாகும். மேசைமேல் விசாரித்தபோது நல்ல சாட்சியாக நின்றது, வேலையில் இருக்கும்போது பொய் சொன்னது. நானோ அதற்கு நேர்மாறான தவறைச் செய்திருந்தேன். ஒவ்வோர் இரவும் பெட்டியின் பக்கத்தில் நின்று காதால் கேட்டவரின் சாட்சியை, அவர் கேட்டதை ஒரு முறைகூடச் சோதிக்காமல் தள்ளிவிட்டேன்.

புதிய உணரி வர ஒரு வாரம் ஆனது. அதையும் அதே டம்ளரில் இட்டுப் பார்த்த பிறகே பொருத்தவிட்டேன். 32.5 காட்டியது. பனிப்பாறையைக் கரைக்க வெந்நீர்ப் பாத்திரத்தை மேலறையில் வைத்துக் காத்திருந்தோம். கூரிய எதுவும் கூடாது, நெருப்பு அறவே கூடாது என்றார் மாணவர். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்னும் வாயு தீப்பற்றக்கூடியது.

அக்கா மதுரையிலிருந்து திரும்பிய அன்று, அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கழற்றிய பழைய உணரியையும், மாணவரிடம் இரவல் வாங்கிய மீட்டரையும், பனிக்கட்டி டம்ளரையும் மேசைமேல் பரப்பினேன். எல்லாவற்றையும் செய்து காட்டினேன். அட்டவணையைக்கூட ஒரு தாளில் எழுதியிருந்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"மதினிகிட்ட மன்னிப்பு கேக்கச் சொன்னா, பாடம் நடத்துறீங்களே" என்றாள் மனைவி.

அது உண்மைதான். நான் பேச்சை நிறுத்தினேன். சொல்லவேண்டிய சொல் எளிதில் வாய்க்கு வரவில்லை. வந்தபோது தலையை நிமிர்த்த முடியவில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கரகர சத்தம்?" என்று கேட்டார்.

"காத்தாடி ஐஸ்ல உரசினது அக்கா."

"அன்னைக்கே சொன்னேனே."

"சொன்ன அக்கா."

"மீன் எல்லாம் என்ன செஞ்ச?"

பாதியைச் சமைத்தோம், பாதியைக் கொடுத்துவிட்டோம் என்றாள் மனைவி. பேச்சு அப்படியே மீனைப் பற்றித் திரும்பிவிட்டது.

இன்சுலின் டப்பா மறுநாளே நடுத்தட்டுக்குத் திரும்பியது. அதற்கு நான் ஒரு வெப்பமானியும் வாங்கிவைத்தேன். ஆனால் மண்பானை அக்காவின் அறையிலேயே இருந்தது. பானைத் தண்ணீர்தான் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்றார். அது உண்மையா, என்மேல் உள்ள வருத்தத்தின் மிச்சமா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை மாதத்தில் ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். பன்னிரண்டாம் நாள் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. இருந்தாலும் எனக்கு அச்சம் தீரவில்லை. இருட்டில், பெட்டிக்கு முன் அக்கா நின்றுகொண்டிருந்தார். திறக்கவில்லை. மேல்கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் ஓடுது, போய்ப் படு" என்றார்.